அரை இஞ்சி நட்டுக்குப் பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பனர்: லினக்ஸ் கேர்னலும் அதைக் கட்டும் கருவிகளும்

2024 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தின் முன்னறையில் நாங்கள் நாலு பேர், ஆறு பழைய லெப்டொப்களோடு இருந்தோம். எல்லாம் ஊருக்குள் வீடு வீடாகச் சேர்த்தவை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்த பிறகு புது லெப்டொப் என்ற பேச்சே எங்கள் வீடுகளில் எழவில்லை. அதனால் அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்ததுகளைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, சாதாரணதரம் எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் குடுப்போம் என்று தொடங்கின வேலை அது. அஞ்சு மெஷின் கரைச்சல் தரவில்லை. ஆறாவதின் உள் வை-பை ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அதுக்கு ஒரு யூஎஸ்பி வை-பை குச்சி வாங்கினோம். அந்தக் குச்சிக்கான டிரைவர் அந்த லினக்ஸோடு வராது. மூலநிரலை இறக்கி, அந்த மெஷினிலேயே கட்டி, சொருக வேணும். கட்டினோம். மூன்று கிழமை நல்லா ஓடிச்சு.

அந்தச் சனிக்கிழமை ஒரு அப்டேட் வந்தது. கேர்னல் 6.5க்கு மாறிச்சு. வை-பை போயிட்டுது. சரி, திரும்பக் கட்டுவோம் என்று பார்த்தால், ஒரே வரியில் மறுப்பு: தனக்குத் தெரியாத ஒரு கட்டளையை நாங்கள் குடுக்கிறோமாம். சத்தியமா அந்தக் கட்டளையை நாங்கள் குடுக்கவே இல்லை.

அதைச் சரிசெய்ய ஒரு புதிய கம்பைலர் இறக்க வேணும். இறக்க இணையம் வேணும். இணையத்துக்கு வை-பை வேணும். வை-பைக்கு அந்தக் கம்பைலர் வேணும். கடைசியில் ஒருத்தியின் போனை வயரால் இணைத்து, அவளுடைய மாதக் கடைசி டேட்டாவைத் தின்றுதான் வேலை முடிந்தது. அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் எங்களுடைய பாடம் இல்லை. ஆனால் ஒரு முடிவு எங்கோ எடுக்கப்பட்டு, அதன் கூலி இங்கே உட்துறைமுகத்தடியில் கட்டப்படுகிறது என்றால், அந்த முடிவுக்கு ஒரு வரலாறு இருக்க வேணும். அதைத் தேடினதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள். பாடசாலைப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிச்சிருப்பீர்கள். அதன் நடுக்கருதான் கேர்னல். கடற்படையும் இராணுவமும் நிறைந்த எங்கள் ஊரில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் எந்தக் கேணல் என்று திரும்பிப் பார்ப்பார்கள், அது வேற கதை. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு குடுக்கிறது, எந்த வேலை முதலில் ஓடுறது, கீபோட்டில் தட்டினது எங்கே போறது, எல்லாத்தையும் தீர்மானிக்கிறது கேர்னல். புதுசா ஒரு கருவியைச் செருகினால், அதோடு பேசத் தெரிந்த ஒரு துண்டு நிரல் கேர்னலுக்குள் வந்து உட்கார வேணும். அந்தத் துண்டுதான் மொடியூல். மனிதர் எழுதின மூலநிரலை மெஷினுக்கு விளங்குகிற வடிவத்துக்கு மாற்றுகிற கருவி கம்பைலர். லினக்ஸ் உலகத்தில் அதன் பெயர் பெரும்பாலும் ஜிசிசி.

எங்கள் பிரச்சினைக்குக் காரணம் இவ்வளவுதான். புதிய 6.5 கேர்னலைக் கட்டினவர்கள் ஜிசிசி 12ஆல் கட்டியிருந்தார்கள். மெஷினில் வழமையாக இருந்தது ஜிசிசி 11. ஒரு மொடியூலைக் கட்டும்போது, கேர்னல் தன்னைக் கட்டியபோது குடுத்த அதே கட்டளைகளை மொடியூலுக்கும் எடுத்து நீட்டும். அதில் ஒன்று, ஒரு செயற்பாடு தன் தற்காலிக மாறிகளை எடுக்கும்போதே அவற்றைப் பூச்சியத்தால் நிரப்பு என்பது. பழைய நினைவகத்தின் மிச்சம் மீதி கசியாமல் இருக்க ஒரு பாதுகாப்பு. ஜிசிசிக்கு அந்தக் கட்டளை 12ஆம் பதிப்பிலிருந்துதான் தெரியும். 11 முழிச்சது. பிழை எங்கள் டிரைவரிலும் இல்லை, ஜிசிசி 11இலும் இல்லை. இரண்டும் தனித்தனியா நல்ல சாமான்கள். சோடி மாறிப்போச்சு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் எஞ்சின் திருத்துகிற ஒரு மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு எங்களைவிடக் கெதியா விளங்கிட்டுது. அவருடைய பெட்டியில் இரண்டு செட் ஸ்பனர் இருக்கு. இங்கிலாந்து எஞ்சினுக்கு இஞ்சி, ஜப்பான் எஞ்சினுக்கு மில்லிமீட்டர். அரை இஞ்சி நட்டென்றால் 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் ஸ்பனர் அதில் போய் உட்காரும். “உட்காரும் தம்பி, இறுகவும் இறுகும். நாலாம் தரம் முனை தேஞ்சு உருண்டிடும். அதுக்குப் பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது” என்றார். வாயைத் திறந்து மறுக்கிற கருவியை விட, மறுக்காமல் பிழையாகப் பொருந்துகிற கருவிதான் பொல்லாதது. கேர்னலின் வரலாறு முழுக்க இந்தப் பயம் இருக்கு.

ஜிசிசியை ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலில் வெளியிட்டது 1987இல். நாலு வருடம் கழித்து, 1991 செப்டெம்பரில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவன் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கேர்னலின் 0.01 பதிப்பை வெளியில் விட்டார். அப்போது அவருக்கு வயது 21, எங்களில் சிலருடைய வயது. எங்கள் பெற்றோர் 1990 யூனில் மறுபடி மூண்ட யுத்தத்துக்குள் இருந்த காலம் அது. அந்த முதல் பதிப்பைக் கட்ட அவர் பயன்படுத்தியது ஜிசிசி 1.40, அதுவும் தானே கொஞ்சம் மாற்றியமைத்த ஒன்று. தொடக்கத்திலிருந்தே லினக்ஸ் எந்தக் கம்பைலராலும் கட்டலாம் என்ற கேர்னலாக இருந்ததில்லை. சி மொழியின் பொது விதிகளுக்குள் நிற்காமல், ஜிசிசிக்கு மட்டும் தெரிந்த வசதிகளில் ஊன்றித்தான் வளர்ந்தது. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்போடு, ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலில் மொடியூலைச் சொருகவும் கழற்றவும் முடிந்தது. அதுவரை கேர்னல் முழுவதையும் ஒருவரே, ஒரே கருவியால், ஒரே தடவையில் கட்டினார். மொடியூல் வந்தபிறகு ஒரு பகுதியை ஒருவர் இன்று கட்டுவார், இன்னொரு பகுதியை வேறொருவர், வேறோர் ஊரில், அடுத்த வருடம் கட்டுவார். இரண்டும் ஒரே நினைவகத்தில் போய்ப் பொருந்த வேணும்.

2000ஆம் ஆண்டு நடந்த கூத்தை நீங்கள் கேட்டால் நம்பமாட்டீர்கள். செப்டெம்பரில் ரெட் ஹட் லினக்ஸ் 7.0 வெளிவந்தது. அதில் இருந்த கம்பைலரின் பெயர் ஜிசிசி 2.96. பிரச்சினை என்னவென்றால், ஜிசிசியை உருவாக்குபவர்கள் 2.96 என்று எதையும் வெளியிடவே இல்லை. அபிவிருத்தியில் பாதியில் இருந்த நிரலை எடுத்து, திருத்தி, ரெட் ஹட் அந்த இலக்கத்தை வைத்திருந்தது. அடுத்த மாதமே ஜிசிசியின் வழிநடத்தற் குழு, இது எங்கள் வெளியீடு அல்ல என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கம்பைலரால் அன்றைய கேர்னலை நம்பிக் கட்ட முடியாது என்பது ரெட் ஹட்டுக்கும் தெரியும். அதனால் அதே சீடிக்குள் இன்னொரு பழைய கம்பைலரையும் போட்டார்கள். பெயர் கேஜிசிசி, கேர்னலுக்கான ஜிசிசி என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் ஒன்று, கேர்னலுக்கு மட்டும் தனியாக ஒன்று. சிரிப்பாக இருந்தாலும் எங்கள் பார்வையில் அது நேர்மையான ஏற்பாடு. கேர்னலைக் கட்ட எது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். 2024இல் எங்களுக்கு அப்படி ஒருத்தரும் எழுதி ஒட்டவில்லை.

சரி, இரண்டு கம்பைலரும் ஒரே சி மொழியைத்தானே மாற்றுது, சோடி மாறினால் என்ன நடந்துவிடும்? இதுக்கு நாங்கள் கண்டுபிடித்த மிகச் சிறந்த உதாரணம் அந்தக் காலத்துக் கேர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கு. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடாமல் இருக்க ஸ்பின்லொக் என்றொரு பூட்டு உண்டு. ஒரே ஒரு செயலி மட்டும் உள்ள மெஷினில் அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை, அதனால் அதை வெறுமையான ஒரு கட்டமைப்பாக விட்டுவிடலாம். ஆனால் ஜிசிசி 2 வரிசையில் வெறுமையான கட்டமைப்பைக் கையாளும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. அதைத் தப்ப, பழைய ஜிசிசி என்றால் மட்டும் அந்தக் கட்டமைப்புக்குள் ஒரு எண்ணை வைத்தார்கள். அந்த எண்ணுக்கு வைத்த பெயர் ‘ஜிசிசி இஸ் பகி’, அதாவது ஜிசிசியில் பிழை இருக்கு. மூலநிரலில் அப்படியே இருந்தது.

இதன் விளைவைப் பாருங்கோ. ஜிசிசி 2.95ஆல் கட்டினால் அந்தப் பூட்டு நாலு பைட் இடம் பிடிக்கும். ஜிசிசி 3ஆல் கட்டினால் பூச்சியம். கேர்னலின் பெரிய கட்டமைப்புகளுக்குள் இப்படிப்பட்ட பூட்டுகள் நிறைய. ஒரு ஒழுங்கையில் ஒருவர் வெறும் காணிக்கும் இலக்கம் போட்டு வீடுகளை எண்ணுகிறார், இன்னொருவர் வெறும் காணியை விட்டுவிட்டு எண்ணுகிறார் என்று வையுங்கள். வெறும் காணிக்கு அப்பால் இருக்கிற எல்லா வீட்டுக் கடிதமும் பக்கத்து வீட்டுக்குப் போகும். தபால்காரருக்கு ஒரு சந்தேகமும் வராது. கடிதம் குடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது. கேர்னல் 3ஆல், மொடியூல் 2.95ஆல் என்றால் இதுதான் நடக்கும். மொடியூல் எழுதுவது பிழையான இடத்தில், வேறொருவரின் தரவின் மேல். மெஷின் உடனே நிற்கலாம். நிற்காமல் இரண்டு நாள் ஓடி, ஒரு கோப்பைக் கெடுத்துவிட்டும் நிற்கலாம். மாமா சொன்ன உருண்ட நட்.

இதனால்தான் 2003 டிசம்பரில் வந்த 2.6 வரிசையில், ஒவ்வொரு மொடியூலிலும் ஒட்டப்படுகிற அடையாளச் சீட்டில் கேர்னல் பதிப்போடு ஜிசிசி பதிப்பையும் சேர்த்து எழுதினார்கள். சீட்டு பொருந்தாவிட்டால் கேர்னல் மொடியூலை உள்ளே விடாது. பிற்காலத்தில் ஜிசிசி இலக்கத்தை அந்தச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பைலர் வேறென்றால், கட்டும் நேரத்தில் ஒரு எச்சரிக்கை வரும்: கேர்னல் கட்டப்பட்டது இதனால், நீங்கள் பயன்படுத்துவது இது என்று இரண்டு வரி. எங்களுக்கும் அது வந்திருந்தது. பின்னால் ஓடி வந்த நூறு வரிக்குள் அதை நாங்கள் பார்க்கவில்லை. ஆறுதலாக மேலே தள்ளிப் பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம்.

பிழைகள் பழைய கம்பைலரில் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். 2014 யூலையில், புதுசா வந்த ஜிசிசி 4.9.0ஆல் கட்டின கேர்னல் ஒன்று காரணமில்லாமல் விழுந்தது. டோர்வால்ட்ஸ் இறங்கிப் பார்த்தபோது, வேலைகளைச் செயலிகளுக்குப் பங்கிடும் பகுதியில் கம்பைலர் உருவாக்கிய மெஷின் நிரலே பிழை. தனக்கென்று ஸ்டேக்கில் இடம் எடுக்க முன்னமே அந்த இடத்தில் ஒரு பெறுமதியை எழுதுகிறது. சாதாரண மென்பொருளில் அது பெரும்பாலும் தப்பிவிடும். கேர்னலில் அந்த இடைவெளிக்குள் ஒரு குறுக்கீடு வந்தால் எழுதினது அழிந்துபோகும். அவர் அந்தக் கம்பைலரைத் திட்டின வார்த்தைகள் இங்கே வேண்டாம். பிழையை ஜிசிசிக்காரர்களுக்கு அறிவித்தார்கள். கேர்னல் கட்டும் கட்டளைகளிலிருந்து அதைத் தூண்டிய வசதியையும் நிறுத்தினார்கள். ஆக, எப்போதும் ஆகப் புதியதையே எடு என்ற கடைக்கார அறிவுரையும் இங்கே செல்லாது.

அப்ப எது ஆதரவுள்ள கருவி? கேர்னலின் ஆவணங்களில், கட்டுவதற்குத் தேவையான மிகப் பழைய பதிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கு. அதில் ஜிசிசிக்கு எதிரே உள்ள இலக்கம் வருடா வருடம் எப்படி மாறினது என்று பார்த்தோம். எங்கள் துறையில் கல்வெட்டு வாசிக்கிற மாதிரி. 2.6 தொடங்கியபோது 2.95. சில வருடத்தில் 3.2. அதன் பிறகு அசைவே இல்லை. பன்னிரண்டு வருடத்துக்குக் கிட்ட அப்படியே கிடந்து, 2018இல் 4.6 ஆனது. 2020இல் 4.9. 2021இல் 5.1. 2025இல் 8.1. முதலில் ஒரு நீண்ட தூக்கம், பிறகு ஓட்டம்.

இந்த ஓட்டத்துக்கு நியாயம் இருக்கு. பழைய ஜிசிசியின் ஒவ்வொரு பிழைக்கும் கேர்னலுக்குள் ஒரு சுற்றுவழி எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுற்றுவழிகள் சேர்ந்து சேர்ந்து, எது உண்மையான நிரல், எது ஒட்டு என்று தெரியாமல் போனது. 4.9க்கு உயர்த்தியபோது டோர்வால்ட்ஸ் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். நாங்கள் அதை மறுக்கவில்லை. எங்கள் கேள்வி வேறு. கீழெல்லையை உயர்த்த முதல், யாரிடம் இன்னும் பழையது இருக்கு என்று பார்ப்பார்கள். எப்படிப் பார்ப்பார்கள்? பெரிய விநியோகங்களின் எந்தப் பதிப்புக்கு இன்னும் ஆதரவு குடுக்கப்படுகிறது, அதில் எந்த ஜிசிசி இருக்கு என்று. நியாயமான முறைதான், வேறு முறையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் இருப்பது விநியோகங்கள். அலுமாரிக்கு மேலிருந்து இறங்கின லெப்டொப் அதில் இல்லை.

மரத்துக்கு வெளியே மொடியூல் எழுதுபவர்களின் நிலை இன்னும் மோசம். மரம் என்றால் கேர்னலின் அதிகாரபூர்வ மூலநிரல் தொகுதி. கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்ற மூத்த கேர்னல் பராமரிப்பாளர், உள்ளே நிலையான இடைமுகம் ஏன் தரமாட்டோம் என்று எழுதின குறிப்பு 2004இலிருந்து கேர்னலோடு வருகிறது. கம்பைலர் பதிப்பு மாறினால் கட்டமைப்புகளின் அடுக்கும் மாறும் என்பதையும் அதில் காரணமாகச் சொல்கிறார். அவர் சொல்லும் தீர்வு, உன் டிரைவரை மரத்துக்குள் கொண்டு வா, பிறகு நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பது. வாதம் சரி. ஆனால் கொண்டுவர வேண்டியவர் சிப் செய்த கொம்பனி. கொண்டுவராததுக்கு அவதிப்படுபவர் குச்சி வாங்கினவர். அந்தக் குறிப்பில் குச்சி வாங்கினவர் வருவதில்லை.

இடையில் நின்று சமாளிப்பதுதான் விநியோகங்களின் வேலை. ஒரு கேர்னலையும் ஒரு கம்பைலரையும் சோடி சேர்த்து, சோதித்து, இத்தனை வருடத்துக்கு மாற்றமாட்டோம் என்று சொல்வது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தமிழ் உட்பட இந்திய மொழி வசதிகளைத்தான் சொல்வார்கள். டெபியன் அடித்தளத்தை எடுத்ததால் சோதித்துச் சேர்த்த ஒரு சோடியும் அதுக்குள் வந்தது, அதைப் பற்றிப் பேச்சில்லை. கேர்னல் மாறும்போதெல்லாம் வெளி மொடியூலைத் தானாகத் திரும்பக் கட்டுகிற டிகேஎம்எஸ் என்ற கருவியை டெல் நிறுவனம் 2003இல் கொண்டுவந்தது. எங்கள் மெஷினிலும் அது இருந்தது. தானாகக் கட்டப்போய்த் தானாகவே தோற்றும் இருந்தது.

இவ்வளவு காலமும் ஜிசிசியை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தோம். உங்கள் கையில் இருக்கிற அன்ட்ரொயிட் போனிலும் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான், ஆனால் புதிய போனென்றால் அது ஜிசிசியால் கட்டப்பட்டிருக்காது. 2017இல் வந்த கூகுளின் பிக்சல் 2, கிளாங் என்ற வேறு கம்பைலரால் கட்டின கேர்னலோடு விற்பனைக்கு வந்தது. ஜிசிசியின் வசதிகளில் ஊன்றி வளர்ந்த ஒரு நிரலை இன்னொரு கம்பைலருக்குப் பழக்கப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. இரண்டு கம்பைலர் வந்ததால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்குடுக்கும். ஆனால் சோடி விதி மாறவில்லை. கிளாங்கால் கட்டின கேர்னலுக்கு மொடியூலும் கிளாங்கால்.

யாராவது எங்களைப் போல் மாட்டிக்கொண்டால் என்று நாங்கள் எழுதி வைத்திருப்பது இதுதான். மொடியூல் கட்ட முதல் எந்தக் கம்பைலர் நல்லது என்று தேடாதீர்கள். உங்கள் கேர்னல் எதனால் கட்டப்பட்டது என்று கேளுங்கள். அதை அதுவே சொல்லும். ப்ரொக் என்ற கோப்புறைக்குள் வேர்ஷன் என்ற கோப்பைத் திறந்தால், கேர்னல் இலக்கத்துக்குப் பக்கத்தில் கம்பைலரின் பெயரும் இலக்கமும் ஒரே வரியில் இருக்கும். விநியோகத்தின் களஞ்சியத்தில் அதே பெரிய இலக்கம் உள்ள கம்பைலரை எடுங்கள். 12 என்றால் 12. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருகிற சின்ன இலக்கம் கொஞ்சம் வேறுபட்டாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மெஷினின் வழமையான கம்பைலரை மாற்ற வேண்டாம், இந்த ஒரு வேலைக்கு மட்டும் மற்றதைக் காட்டலாம். கட்டு விதிகளைத் திருத்தி, தெரியாத கட்டளையை அழித்துவிட்டால் ஓடும் என்று ஒரு குறுக்குவழியும் சொல்வார்கள். அது ஓடவும் ஓடும். கேர்னல் எதிர்பார்க்கிற பாதுகாப்பு அந்த மொடியூலில் மட்டும் இருக்காது. பிள்ளைகளுக்குக் குடுக்கிற மெஷினில் நாங்கள் அதைச் செய்யவில்லை.

முக்கியமாக, அப்டேட் குடுக்க முதல் புதிய கேர்னல் எதனால் கட்டினது என்று பார்த்து, அந்தக் கம்பைலரை இணையம் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். பழைய கேர்னலை அழிக்காதீர்கள். பூட் ஆகும்போது வருகிற பட்டியலில் அதைத் தெரிவுசெய்தால், அதுக்குக் கட்டின மொடியூலும் அங்கேயே இருக்கும், வை-பை வரும். அன்றைக்கு இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் அவளுடைய டேட்டா மிஞ்சியிருக்கும்.

அந்தச் சிப்புக்கான டிரைவர் பிந்திய கேர்னல்களில் மரத்துக்குள் வந்துவிட்டது, கட்டத் தேவையில்லை என்று இப்போது சொல்கிறார்கள். ஆறாவது லெப்டொப் இன்னும் அந்தக் கேர்னலுக்குப் போகவில்லை. அதைப் பாவிக்கிற பிள்ளைக்கு இந்த வருடம் சோதனை, அது முடியுமட்டும் எதையும் தொடவேண்டாம் என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறார். சனசமூக நிலையத்தில் ஒரு சீஆர் கொப்பி இருக்கு. ஆறு மெஷினுக்கும் ஆறு பக்கம். ஒவ்வொன்றிலும் கேர்னல் இலக்கம், பக்கத்தில் அதைக் கட்டின கம்பைலரின் இலக்கம், பென்சிலால் எழுதியிருக்கிறோம்.